புதுப் பதிப்பில் எதைத் தொடலாம், எதை விடலாம்

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ஓரத்தில் ‘புதிய பதிப்பு தயார்’ என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். அலுவலக இணைப்பில் உட்கார்ந்திருப்பவர் யோசிக்காமல் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். தென்காசியை அடுத்த மேலகரத்தில் வீட்டு மாடியில், போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை பார்ப்பவர் அப்படிப் போக முடியாது. இன்றைய டேட்டா எவ்வளவு மிச்சம், நேற்றுவரை ஓடிய ப்ராஜெக்ட் நாளையும் ஓடுமா என்று பார்த்துக்கொண்டுதான் கையை வைக்க வேண்டும். இந்த அத்தியாயம் அவருக்காக.

தென்காசியிலிருந்து மென்பொருள் எழுதுவது இப்போது யாருக்கும் புதுமை இல்லை. 2011இல் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்தது. ஜோஹோ டெஸ்க் போன்ற, உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு மென்பொருள் அங்கே வளர்ந்தது. பட்டம் கேட்காமல் பள்ளி முடித்தவர்களை எடுத்துப் பழக்கும் ஜோஹோ ஸ்கூல்ஸும் இங்கே வகுப்பு நடத்துகிறது. ஆனால் அந்த வளாகத்துக்கு வெளியே இருப்பவர்கள் தொகை அதைவிடப் பெரிது: பாவூர்சத்திரம் காய்கறி மண்டிக்குக் கணக்குச் செயலி செய்து கொடுப்பவர், கடையநல்லூரில் இருந்துகொண்டு வளைகுடாக் கடைக்காரருக்கு வேலை செய்பவர், செங்கோட்டையில் கல்லூரி முடித்துவிட்டு முதல் செயலியைப் பிளே ஸ்டோரில் ஏற்றப் பார்ப்பவர். இவர்கள் கையில் பெரும்பாலும் 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்தான் இருக்கும்.

கூகுள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கைப் பாருங்கள். ஸ்டுடியோவுக்கு மட்டும் 8 ஜிபி. எமுலேட்டரையும் சேர்த்து ஓட்டினால் 16 ஜிபி. அதாவது உங்கள் லேப்டாப் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே ஒரு புது வசதியை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. எமுலேட்டர் இல்லாமல் வேலையை முடிக்க அது உதவுகிறதா? உதவினால் முதலில் அதைப் பழகுங்கள். மற்றவை காத்திருக்கட்டும்.

பெயரும் எண்ணும்

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை கூகுள் 2013 மே மாதம் அறிவித்தது. முதல் நிலையான பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. அதுவரை எக்லிப்ஸில் ஒரு கூடுதல் இணைப்பைப் போட்டு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஸ்டுடியோவின் அடித்தளம் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெலிஜே. இதைத் தெரிந்துவைத்தால் பதிப்பு எண்ணைப் படிப்பது எளிது. 2025இல் வந்த நார்வால் பதிப்பின் எண் 2025.1.1. முதல் இரண்டு பகுதி இன்டெலிஜேயின் பதிப்பு. கடைசி எண்தான் ஸ்டுடியோவினுடையது. 2021இல் வந்த ஆர்க்டிக் ஃபாக்ஸ் முதல் இந்த முறை நடக்கிறது. ஆங்கில அகரவரிசையில் விலங்குப் பெயர்கள்: ஜிராஃப், ஹெட்ஜ்ஹாக், இகுவானா, ஜெல்லிஃபிஷ், கோலா, லேடிபக், மீர்கேட், நார்வால், ஆட்டர். கோலா முதல், ஒரு விலங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ‘ஃபீச்சர் டிராப்’ என்று கூடுதல் வெளியீடுகள் வரும். புது வசதிகள் பல அவற்றில்தான் இருக்கும்.

மூன்று வழிகளில் பதிப்புகள் வருகின்றன: கேனரி, ஆர்சி, ஸ்டேபிள். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு ஸ்டேபிள் ஒன்றே போதும். ஆசை அடங்கவில்லை என்றால் கேனரியைத் தனியாகப் பக்கத்தில் நிறுவிக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது, வட்டில் இடம் மட்டும் தின்னும்.

பலரும் பயந்து அப்டேட்டைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் ஒரு குழப்பம். ஸ்டுடியோ வேறு, ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன் (ஏஜிபி) வேறு. முன்னது நீங்கள் எழுதும் மேசை. பின்னது செயலியைக் கட்டித் தரும் பொறி. புது ஸ்டுடியோ, சுமார் மூன்று ஆண்டு பழைய பிளக்இன்கள் வரை ஏற்றுக்கொள்ளும். எனவே மேசையை மாற்றிவிட்டு, பொறியை அப்படியே விட்டுவிடலாம். திறந்ததும் ‘பிளக்இன்னை உயர்த்தவா’ என்று ஒரு பெட்டி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் பழைய ப்ராஜெக்டை ஒருமுறை பில்ட் செய்து பாருங்கள். ஓடிய பிறகு, வேலை நெருக்கடி இல்லாத ஒரு நாளில், டூல்ஸ் மெனுவில் இருக்கும் ஏஜிபி அப்கிரேட் அசிஸ்டன்ட் வழியாக உயர்த்துங்கள். எந்த வரி எதற்காக மாறுகிறது என்று அது காட்டிவிட்டுத்தான் மாற்றும். அதற்கு முன்பு கிட்டில் ஒரு கமிட் போட்டுவிடுங்கள். பிளக்இன் 8க்கு ஜேடிகே 17 தேவை. ஸ்டுடியோவோடு வருவதையே பயன்படுத்தினால் தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

டேட்டாவைப் பொறுத்தவரை அசல் செலவு ஸ்டுடியோவில் இல்லை, அதற்குப் பின்னால் வரும் கிரேடில் இறக்கங்களில் இருக்கிறது. வீட்டு ஃபைபர் உள்ள நண்பர் வீட்டில் உட்கார்ந்து முதல் ‘கிரேடில் சிங்க்’கை முடித்துக்கொண்டு வாருங்கள். பிறகு கிரேடில் ஜன்னலில் ‘ஆஃப்லைன் மோட்’ பொத்தானை அழுத்திவிட்டால், இருப்பதை வைத்தே பில்ட் நடக்கும். புது நூலகம் சேர்க்கும்போது மட்டும் திறந்தால் போதும். சிங்க் நேரம் எங்கே போகிறது, எந்தக் களஞ்சியத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதை இப்போதைய பதிப்புகள் பில்ட் ஜன்னலிலேயே காட்டுகின்றன. ஒரு களஞ்சியம் தொடர்ந்து தோல்வி காட்டினால், அதைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

சாரல் காலத்தில் காற்றடித்து மின்சாரம் போய்விட்டால் ஃபைல் மெனுவில் ‘பவர் சேவ் மோட்’. பின்னணியில் நடக்கும் சரிபார்ப்புகள் நின்றுவிடும். பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். லேப்டாப் சட்டென்று அணைந்துபோனாலும் ‘லோக்கல் ஹிஸ்டரி’யில் நீங்கள் எழுதியது இருக்கும். இவை இரண்டும் பழைய வசதிகள்தான். இந்த ஊரில் எந்தப் புது வசதியையும்விட அதிகம் கைகொடுப்பவை என்பதால் சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு செயலி

வெறும் ‘ஹலோ வேர்ல்ட்’ வைத்துப் புது வசதிகளைப் பழக முடியாது. குற்றாலத்துக்கு ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று வரிசையாக அட்டைகள். ஒவ்வொன்றிலும் ‘குளிக்கலாம்’ அல்லது ‘தடை’. பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீசார் தடுத்துவிடுவார்கள். மதியத்துக்குள் திறந்துவிடவும் செய்வார்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வேன் பிடித்து வரும் குடும்பம் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரே சேதி இதுதான்.

சின்னச் செயலிதான், ஆனால் சோதனைக்கு வேண்டிய எல்லாச் சிக்கலும் இதில் இருக்கிறது. திரை முழுக்கத் தமிழ். படிப்பவரில் பாதிப் பேர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள். கை ஈரம். மரத்தடியில் சிக்னல் வரும், போகும். தகவல் பழையதாகிவிட்டால் அது வெறும் தவறு மட்டும் இல்லை, ஆபத்து.

போனே எமுலேட்டர்

உங்கள் சோதனை போனில் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை நிறைவேறினால் மூன்று வசதிகள் சேர்ந்து எமுலேட்டரை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

முதலாவது, கேபிள் இல்லாத இணைப்பு. போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் ‘வயர்லெஸ் டீபக்கிங்’கைத் திறந்து, ஸ்டுடியோவின் டிவைஸ் மேனேஜர் காட்டும் கியூஆர் படத்தைப் பிடித்தால் சேர்ந்துவிடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோதனை போன் ஏதேனும் ஒரு வைஃபையில் இணைந்திருந்தால்தான் இந்த வசதி திறக்கும். அதே போனை ஹாட்ஸ்பாட்டாகவும் வைத்திருந்தால் முடியாது. வீட்டில் இருக்கும் இன்னொரு போனை ஹாட்ஸ்பாட் ஆக்குங்கள். லேப்டாப்பும் சோதனை போனும் அதில் சேரட்டும். விண்டோஸ் லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்கிப் போனை அதில் சேர்ப்பதும் நடக்கும். சில ரவுட்டர்களில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்புப் போட்டிருப்பார்கள். கியூஆர் பிடித்தும் சேரவில்லை என்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். கேபிளே போதும் என்பவர்களுக்கும் ஒரு சேதி: கேபிள் மெதுவானது என்றால் ஸ்டுடியோ இப்போது எச்சரிக்கும். சார்ஜருக்கென்று வாங்கிய கேபிளில் பில்ட் ஏறுவதற்குக் காத்துக் கிடப்பவர்கள் அதைப் படிக்கலாம்.

இரண்டாவது, டிவைஸ் மிரரிங். போன் திரை அப்படியே ஸ்டுடியோவின் ‘ரன்னிங் டிவைசஸ்’ ஜன்னலுக்குள் வந்துவிடும். மவுஸால் தொடலாம், சுழற்றலாம். எமுலேட்டர் கேட்கும் நினைவகத்தில் சிறு பங்குகூட இதற்கு வேண்டாம், ஏனென்றால் செயலி ஓடுவது போனில். இங்கே வருவது படம் மட்டும். போனில் ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கும்பட்சத்தில், அந்த ஜன்னலில் ஒரு பொத்தானைத் தட்டினால் இருண்ட திரை, எழுத்தின் அளவு, திரை அளவு, டாக்பேக், செயலியின் மொழி எல்லாவற்றையும் அங்கேயே மாற்றலாம். முன்பு ஒவ்வொன்றுக்கும் போன் செட்டிங்ஸுக்குள் நுழைந்து தேட வேண்டியிருந்தது. எழுத்தளவை உச்சத்துக்கு இழுத்து, மொழியைத் தமிழாக்கி, இருண்ட திரையும் போட்டுப் பார்க்க இப்போது சில நொடி. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பழகுவேன் என்று சொல்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

மூன்றாவது, லைவ் எடிட். ஜெட்பேக் கம்போஸில் எழுதிய திரை என்றால், நிரலில் ஒரு நிறத்தையோ இடைவெளியையோ மாற்றியதும் மறுபடி பில்ட் செய்யாமலேயே போனில் மாறும். கிரேடில் பிளக்இன் 8.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். தானாக ஏறும்படி வைத்தால் 8 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்கும். ‘சேமிக்கும்போது மட்டும்’ என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபங்ஷனின் உடலுக்குள் செய்யும் மாற்றங்களுக்குத்தான் இது சரிப்படும். புது வேரியபிளை வகுப்பில் சேர்த்தாலோ ஃபங்ஷனின் தலைப்பை மாற்றினாலோ மறுபடி ஓட்டத்தான் வேண்டும். லைவ் எடிட் ஓடும்போது செயலியின் வேகத்தை அளக்கவும் கூடாது. அந்த அளவு பொய்யாக இருக்கும்.

ஆண்ட்ராய்டு 11க்குக் கீழே உள்ள பழைய போன் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேபிளில் செருகி, வெளியீட்டுக்கு முன் ஒருமுறை அதிலும் ஓட்டிப் பாருங்கள். வேனில் வரும் தாத்தா கையில் இருப்பது அதுதான்.

தமிழ் எழுத்து திரையில் படும் பாடு

ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்தில் முடியும் ஒரு பொத்தான், தமிழில் இரண்டு வரிக்கு ஓடும். நம் செயலியில் யாரோ ‘குளிக்கத் தடைவிதிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். சாதாரண எழுத்தளவில் அட்டைக்குள் அடங்கும். பெரிய எழுத்தில் ‘தடைவிதிக்கப்பட்டுள்ளது’ என்ற ஒற்றைச் சொல்லே ஒரு வரியில் நிற்காது. வார்த்தை நடுவில் உடையும், அல்லது கடைசியில் மூன்று புள்ளி விழும். ‘குளிக்கத்…’ என்று மட்டும் தெரிந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

கம்போஸ் ப்ரிவ்யூ இதை எழுதும்போதே காட்டிக்கொடுக்கிறது. ப்ரிவ்யூ அடையாளத்தில் மொழியைத் தமிழ் என்றும் எழுத்து மடங்கை 1.5 என்றும் கொடுத்தால், போனே இல்லாமல் அந்தத் திரை பக்கத்தில் வந்து நிற்கும். இதையும் ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். ‘ப்ரிவ்யூஃபான்ட்ஸ்கேல்’ என்ற ஒற்றை அடையாளம் 85 சதவீதம் முதல் 200 சதவீதம் வரை ஏழு அளவில் வரிசையாகக் காட்டும். ஆண்ட்ராய்டு 14 முதல் பயனர் 200 சதவீதம் வரை எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பதால் கடைசிப் படத்தைத்தான் முதலில் பாருங்கள். நம் அட்டைக்கு அதைப் பார்த்ததும் தீர்ப்பு தெரிந்துவிடும்: ‘தடை’ என்ற இரண்டெழுத்து போதும். விளக்கம் வேண்டுபவருக்குக் கீழே சிறிய எழுத்தில் தரலாம்.

இன்னொரு தொல்லை வரியின் உயரம். தமிழில் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் சுழி மேலே ஏறும். ‘மூ’, ‘ழூ’ போன்றவற்றின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்தை மனதில் வைத்து உயரத்தை இத்தனை டிபி என்று இறுக்கிக் கட்டிய பெட்டியில் இந்தச் சுழிகளும் வால்களும் வெட்டுப்படும். பெட்டிக்கு உயரம் நிர்ணயிக்காதீர்கள். உள்ளே இருப்பதற்கேற்ப வளரவிட்டு, சுற்றி இடைவெளி மட்டும் கொடுங்கள். சோதனைக்கு என்று ‘தென்காசி’ போன்ற அடக்கமான சொல்லைப் போடாமல், ‘ஸ்ரீமூலப்பேரி’ மாதிரி மேலும் கீழும் கிளைக்கும் ஏதாவது கற்பனைப் பெயரைப் போட்டுப் பாருங்கள். அது தப்பித்தால் எதுவும் தப்பிக்கும்.

இகுவானா பதிப்பில் வந்த ‘யுஐ செக்’ முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ப்ரிவ்யூவின் மேலே அந்தக் குறியை அழுத்தினால், வெவ்வேறு திரை அளவுகளிலும் எழுத்தளவுகளிலும் உங்கள் திரையை வரைந்து, எங்கே எழுத்து வெட்டுப்படுகிறது, எங்கே பின்னணிக்கும் எழுத்துக்கும் நிற வேறுபாடு போதவில்லை, எங்கே தொடும் இடம் மிகச் சிறிது என்று பட்டியல் போடும். ஈரக் கையோடு தொடுபவருக்குத் தொடும் இடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. நிற வேறுபாட்டுக் குறையை அலட்சியம் செய்யாதீர்கள். வெயிலில் வெளிர்பச்சையில் வெள்ளை எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாது. சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்புவதும் கூடாது. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

நார்வாலில் ப்ரிவ்யூவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துத் திரை அளவை மாற்றிப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. மடிக்கும் போன்கள் குறைவாகப் புழங்கும் நம் பக்கத்தில் பெரிய அவசரம் இல்லை, ஆனால் டேப்லட்டுக்கும் செயலி செய்பவருக்கு நேரம் மிச்சம்.

மொழித் தேர்வு பற்றி ஒன்று. ஆண்ட்ராய்டு 13இல் இருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனியாக மொழியை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் உங்கள் செயலி வர, எந்தெந்த மொழி உண்டு என்ற கோப்பு ஒன்று வேண்டும். கிரேடில் பிளக்இன் 8.1 முதல் அதைத் தானே உருவாக்கித் தரும். ஒரு வரியை ‘உண்மை’ என்று அமைத்து, இயல்பு மொழி எது என்று சொன்னால் போதும்.

சிக்னல் போன பிறகு

ஐந்தருவிக்குப் போகும் வழியில் நெட் அறுந்தால் நம் செயலி என்ன காட்டும்? ‘ஆப் இன்ஸ்பெக்‌ஷன்’ ஜன்னலில் இதைப் போகாமலேயே பார்த்துவிடலாம். நெட்வொர்க் இன்ஸ்பெக்டரில் இப்போது விதிகள் எழுதலாம்: சர்வர் நல்ல பதில் அனுப்பினாலும், செயலிக்குப் போய்ச் சேரும்போது அதை 503 பிழையாக மாற்று என்று சொல்லிவைக்கலாம். பதிலின் உள்ளடக்கத்தையும் திருத்தலாம். ‘பேரருவி’ என்று வர வேண்டிய இடத்தில் வெறுமையாக வந்தால் செயலி விழுந்துவிடுகிறதா என்று பாருங்கள். முதல் முறை பெரும்பாலும் விழும்.

பக்கத்திலேயே டேட்டாபேஸ் இன்ஸ்பெக்டர். செயலி போனில் சேமித்து வைத்திருக்கும் ரூம் அட்டவணையைத் திறந்து, கடைசியாகத் தகவல் வந்த நேரத்தை மூன்று மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அட்டை இன்னும் பச்சையாகவே இருக்கிறதா? இருந்தால் திருத்த வேண்டிய முதல் பிழை அதுதான்.

குற்றாலத்தில் ரம்புட்டான் விற்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இந்தச் செயலியைக் கொடுத்தால், நிறத்தையும் எழுத்தையும் விட்டுவிட்டு, “தம்பி, இது எந்நேரத்துச் சேதி?” என்றுதான் முதலில் கேட்பார். சரியான கேள்வி. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. ஒரு சிறுவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்யும் மழை கீழே இருப்பவருக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. எனவே தகவலின் நேரம் அட்டையில் பெரிதாக இருக்க வேண்டும். அது பழசானதும் பச்சை நிறம் தானாகப் போய், ‘தகவல் பழையது, காவலரைக் கேளுங்கள்’ என்று வர வேண்டும்.

இதே காரணத்தால் பின்னணிப் புதுப்பிப்பை நம்பி எச்சரிக்கை கட்டாதீர்கள். ஒர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். போன் உறக்கத்தில் இருந்தால் அது இன்னும் தள்ளிப்போகும். பேக்ரவுண்ட் டாஸ்க் இன்ஸ்பெக்டரைத் திறந்து வைத்துக்கொண்டால், எந்த வேலை வரிசையில் நிற்கிறது, எது நெட் இல்லாமல் காத்திருக்கிறது, எது எத்தனை முறை தோற்றது என்று படமாகக் காட்டும். ஒருமுறை அதைப் பார்த்தவர் ‘பின்னணியில் தானே வந்துவிடும்’ என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்க மாட்டார்.

வெளியிட்ட பிறகு செயலி எங்கோ விழுந்தால், கிராஷ்லிடிக்ஸ் சேர்த்திருக்கும்பட்சத்தில், அந்த விவரம் போனிலேயே தங்கியிருந்து, செயலியை அடுத்த முறை திறக்கும்போது போய்ச் சேரும். ‘ஆப் குவாலிட்டி இன்சைட்ஸ்’ ஜன்னல் அதை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்து, விழுந்த வரியைச் சொடுக்கினால் நிரலில் அந்த இடத்துக்கே கூட்டிப்போகும். தனி ஆளாக வேலை செய்பவருக்கு இது ஒரு உதவியாள் கிடைத்த மாதிரி.

ஜெமினியிடம் என்ன கேட்கலாம்

ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஏஐ உதவியாளர் 2023இல் ஸ்டுடியோ பாட் என்ற பெயரில் வந்தது, 2024இல் ஜெமினி ஆனது, 2025இல் ‘ஏஜென்ட் மோட்’ பெற்றது. ‘இந்தத் திரைக்குத் தேடல் வசதி சேர்’ என்றால் பல கோப்புகளைத் திருத்தி, பில்ட் செய்து, பிழை வந்தால் அதையும் சரிசெய்ய முயலும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உங்கள் அனுமதியைக் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தானாக ஒப்புக்கொள்ளும் பொத்தான் இருக்கிறது. கமிட் போடாத ப்ராஜெக்டில் அதைத் தொட்டுவிட்டு வருந்தாதீர்கள்.

அது நன்றாகச் செய்வது: பிழைச் செய்தியை விளக்குவது, பழைய எக்ஸ்எம்எல் திரையைக் கம்போஸுக்கு மாற்ற முதல் வரைவு தருவது, சோதனை நிரல் எழுதுவது. தமிழ்ச் சொற்களை மட்டும் அதன் கையில் விடாதீர்கள். பேரருவியை ‘முதன்மை நீர்வீழ்ச்சி’ என்று எழுதினால் இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் இலஞ்சியில் இறங்கி வழி கேட்பவர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்.

வாடிக்கையாளரின் நிரலில் ஜெமினியைத் திறக்குமுன் அவரிடம் கேளுங்கள். எந்தக் கோப்புகளை அது பார்க்கக் கூடாது என்று ‘ஏஐஎக்ஸ்க்ளூட்’ கோப்பில் எழுதிவைக்கலாம். சாவிகளும் கடவுச்சொற்களும் உள்ள கோப்புகள் முதல் வரியிலேயே வரட்டும்.

விட்டுவிடலாம்

பவர் ப்ரொஃபைலர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிக்சல் 6 முதலான பிக்சல் போன்களில்தான் அளவு காட்டும். அது கையில் இல்லாதவருக்கு வெறும் கோடு. எக்ஸ்ஆர் கண்ணாடிக்கான எமுலேட்டர், கைக்கடிகாரத்துக்கான கருவிகள்: வேலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மீர்கேட்டில் வந்த காட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் டெம்ப்ளேட் நல்ல முயற்சிதான். ஐபோன் பக்கத்தைக் கட்ட மேக் கணினி வேண்டும் என்பதை மறந்து வாடிக்கையாளரிடம் இரட்டை விலை பேசிவிடாதீர்கள். தொலைவில் இருக்கும் போன்களைத் திரையில் கொண்டுவரும் டிவைஸ் ஸ்ட்ரீமிங், ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு வரம். ஹாட்ஸ்பாட்காரருக்குப் பொறுமைச் சோதனை.

பிளே ஸ்டோருக்கு அனுப்புமுன்

2025 ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதுச் செயலிகளும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15ஐ, அதாவது ஏபிஐ 35ஐ, இலக்காக வைத்திருக்க வேண்டும். ‘எஸ்டிகே அப்கிரேட் அசிஸ்டன்ட்’ அந்த மாற்றத்தில் உங்கள் நிரலில் எவையெல்லாம் உடையலாம் என்று படிப்படியாகக் காட்டும். 2025 நவம்பர் 1 முதல் 16 கேபி நினைவகப் பக்க விதியும் சேர்ந்துகொண்டது. காட்லினில் மட்டும் எழுதிய செயலிக்குக் கவலையில்லை. சி++ நூலகம் ஏதாவது உள்ளே இருந்தால்தான் கவலை. நீங்கள் எழுதாவிட்டாலும், படம் சுருக்கவோ பிடிஎஃப் காட்டவோ சேர்த்த ஒன்று வழியாக வந்திருக்கலாம். ‘ஏபிகே அனலைசரில்’ பண்டிலைத் திறந்தால் சரியாக அமையாத நூலகத்தைப் பெயரோடு காட்டும். அந்த நூலகத்தின் புதுப் பதிப்புக்கு மாறுவதுதான் பெரும்பாலும் தீர்வு.

தமிழ்ச் செயலிக்காரர்கள் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. பிளே ஸ்டோர் பண்டிலைப் பிரித்து, பயனரின் போனில் அமைந்துள்ள மொழிக்கான சொற்களை மட்டும் அனுப்பும். நம் மக்களில் பலர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் செயலிக்குள் ‘தமிழ்’ என்று ஒரு பொத்தான் வைத்து, அதை அவர் அழுத்தினால், தமிழ்ச் சொற்கள் போனுக்கு வந்தே இருக்காது. திரை ஆங்கிலத்திலேயே நிற்கும். ஸ்டுடியோவிலிருந்து நேரடியாக ஏற்றும்போது எல்லா மொழியும் சேர்ந்து போவதால் உங்கள் மேசையில் இது தெரியவே தெரியாது. பில்ட் கோப்பில் பண்டில் பகுதியில் மொழிப் பிரிப்பை நிறுத்திவிடுங்கள். இரண்டு மொழிச் செயலியில் அதனால் கூடும் எடை ஒன்றுமில்லை.

இதைச் சரிபார்க்க நல்ல வாய்ப்பும் உண்டு. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியை வெளியிடுமுன் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் குறைத்தார்கள். அந்த 12 பேரையும் உங்கள் வகுப்புத் தோழர்களாக எடுக்காதீர்கள். போன் ஆங்கிலத்தில் இருக்கும் நான்கைந்து பேர், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு பெரியம்மா, பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் ஒரு வேன் டிரைவர் கட்டாயம் இருக்கட்டும். ஸ்டோரிலிருந்து இறக்கி, ‘தமிழ்’ பொத்தானை அழுத்தி, திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் நாளே அனுப்பச் சொல்லுங்கள்; பதினான்காம் நாள் தெரிந்தால் சீசன் தாண்டிவிடும்.